ஒரு கார்டுக்கு ஓர் ஆள்

என் பர்ஸில் ஒரு தங்க நிற அட்டை இருக்கிறது. வருடத்தில் பாதி நாள் ஆகாயத்தில் கிடந்து, கண்ட நேரத்தில் கண்டதைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டதற்காக விமானக் கம்பெனி கொடுத்த பரிசு அது. அதைக் காட்டினால் விமான நிலையத்தில் லவுஞ்ச் என்கிற ஓய்வறைக்குள் விடுவார்கள். சும்மா சாப்பிடலாம், சும்மா குளிக்கலாம், சும்மா படுக்கலாம். சும்மா என்று நான் சொல்லும்போதெல்லாம் என் மனைவி என்னை ஒரு பார்வை பார்ப்பாள்.

இந்த அட்டையின் பெருமையை என் அண்ணன் ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பகுதி முழுக்கப் பரப்பி வைத்திருக்கிறார் என்பது அங்கே போய் இறங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அண்ணனுக்கு அங்கே மளிகைக் கடை. மலையில் விளைகிற மிளகையும் காப்பிக்கொட்டையையும் வாங்கிச் சேலத்துக்கு அனுப்புவார். நான் சென்னையில் இருந்துகொண்டு அச்சு இயந்திரங்களைப் பழுது பார்க்க நாடு நாடாகப் பறக்கிறவன். ஒரு நாள் காலை போனில் கூப்பிட்டார்.

"நம்ம வெள்ளக்கடை அண்ணாமலையும் அவங்க சம்சாரமும் அயர்லாந்துல இருக்கிற மக ஊட்டுக்குப் போறாங்க. நீ போற பிளேன்லயே டிக்கெட் போடச் சொல்லிட்டேன். பாதி வழி வரைக்கும் நீதான் கூட இருக்கணும். அந்தம்மாவுக்கு முதுகு முடியாது. வந்து ஒருக்கா பாத்துட்டுக் கூட்டிட்டுப் போயிரு."

என்னைக் கேட்டுவிட்டு டிக்கெட் போட்டிருக்கலாம். அண்ணன் எதையும் கேட்டுச் செய்கிற ரகம் இல்லை. எரிச்சலோடுதான் கிளம்பினேன்.

சேலத்தில் ஏற்காடு பஸ்ஸில் ஏறினால் நிற்கவே இடமில்லை. ஜன்னலோரம் ஒரே ஒரு சீட் மட்டும் காலியாக இருந்தது. அதில் ஒரு பச்சைத் துண்டு கிடந்தது. ஆள் வரும் வரும் என்று எல்லோரும் அதை விட்டுவைத்திருந்தார்கள். பஸ் கிளம்பி, டவுனைத் தாண்டி, அடிவாரமும் வந்துவிட்டது. சீட்டில் துண்டு மட்டும்தான் பயணம் செய்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தொங்கிய எனக்கு வயிறு எரிந்தது.

பக்கத்தில் நின்ற ஒல்லியான மனிதரிடம், "யாருங்க அந்த ஜமீன்தார், துண்டை மட்டும் ஏத்தி விட்டுட்டு?" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏனுங்க, நீங்க பாய் கடைத் தம்பிங்களா?"

"ஆமா."

"அட, ஒக்காருங்க. உங்களுக்குத்தானுங்க போட்டு வெச்சேன். பாய் சொன்னாரு, நீங்க தொப்பியும் கோட்டுமா வருவீங்கன்னு. நான் அப்படி ஆளத் தேடிட்டு நிக்கறேன்."

அவர்தான் அண்ணாமலை. மனைவியின் ரிப்போர்ட் வாங்கச் சேலம் வந்திருக்கிறார். வெட்கத்தோடு உட்கார்ந்தேன். அவர் கடைசி வளைவு வரைக்கும் நின்றுகொண்டுதான் வந்தார். நின்றார் என்று சும்மா சொல்லக் கூடாது. ஏறுகிறவர்களுக்கெல்லாம் இடம் பார்த்துக் கொடுத்துக்கொண்டே வந்தார். ஒரு கல்லூரிப் பையனை எழுப்பிக் கர்ப்பிணிப் பெண்ணை உட்கார வைத்தார். யாரோ ஒருத்தருடைய கூடையை இன்னொருத்தர் காலடியில் தள்ளினார். "சித்த வெச்சுக்குங்க" என்று ஒரு குழந்தையை என் மடியில் இறக்கிவிட்டார். கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதோடு சரி. அந்தக் குழந்தை ஏற்காடு ஏரி வரும்வரை என் சட்டையில் எச்சில் வடித்துக்கொண்டே தூங்கியது.

சாயங்காலம் அண்ணன் கடை வாசலில் எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். பனி இறங்கியிருந்தது. பக்கத்துக் கடையிலிருந்து மிளகாய் பஜ்ஜியும் சூடான காப்பியும் வந்தன. கடைக்கு வந்தவர்களெல்லாம் சாமான் வாங்கிவிட்டுப் போகாமல் நின்றார்கள். அண்ணன் என் பர்ஸைத் தானே எடுத்து அட்டையை எல்லோருக்கும் காட்டினார்.

"இதைக் காட்டுனா உள்ள சோறு போடுவாங்களாமா?" என்று மூட்டையை இறக்கி வைத்த ஒருவர் கேட்டார்.

நானும் கொஞ்சம் மிதப்பில்தான் இருந்தேன். விதிகளை விளக்கினேன். நிறையப் பறந்தால் வெள்ளி அட்டை, இன்னும் நிறையப் பறந்தால் தங்க அட்டை. வெள்ளிக்காரன் தான் மட்டும் போகலாம். தங்கக்காரன் தன்னோடு ஒரே ஒருத்தரைக் கூட்டிப் போகலாம். அந்த ஒருத்தரும் அன்றைக்குப் பறக்கிறவராக இருக்க வேண்டும். அட்டைக்காரன் உள்ளே இல்லாமல் விருந்தாளி மட்டும் உள்ளே இருக்க முடியாது. அடுத்த வருடம் பறப்பது குறைந்தால் அட்டையைப் பிடுங்கிக்கொள்வார்கள்.

"அப்ப நெறையப் பறக்கறவனுக்குத்தான் சும்மா சோறா?" என்றார் அண்ணாமலை. "எப்பவோ ஒருக்கா பறக்கறவனுக்குத்தான பயத்துல வவுறு காயும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் இன்னொரு பஜ்ஜி எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அண்ணாமலையின் ஊரான வெள்ளக்கடைக்குப் பயணம். அண்ணாமலை தன் பைக்கில் வந்து என்னை ஏற்றிக்கொண்டார். வழியில் காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கிற பெண்களின் பேச்சுச் சத்தம் மட்டும் கேட்டது, ஆள் தெரியவில்லை. ஒரு திருப்பத்தில் காட்டெருமை ஒன்று ரோட்டை மறித்துக்கொண்டு நின்றது. அண்ணாமலை பைக்கை அணைத்துவிட்டுக் கைகட்டிக்கொண்டார். "அது பாத்துப் போவும். நாம ஆரனடிச்சா அதுக்குக் கோவம் வந்துரும்" என்றார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் முடிந்த மட்டும் சுருங்கிக்கொண்டேன். அது எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் மெதுவாகச் சரிவில் இறங்கிப் போனது.

அவர் மனைவி அலமேலு உள் அறையில் கட்டிலில் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தார், வேண்டாம் என்றேன். போன பறிப்பு நேரத்தில் காப்பிப்பழ மூட்டையோடு சரிவில் வழுக்கி விழுந்து, சேலத்தில் முதுகில் ஆபரேஷன். நடக்கலாம், நிற்கலாம். தொடர்ந்து உட்கார்ந்தால் மட்டும் இடுப்புக்குக் கீழே மரத்துப்போய்விடும். பறக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டதற்கு, நடுவில் இறங்குகிற இடத்தில் நீட்டிப் படுத்து எழுந்தால்தான் அடுத்த விமானம் ஏறலாம், இல்லையென்றால் அங்கிருந்தே திரும்பி வந்துவிடுங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். நடுவில் இருக்கும் வளைகுடா விமான நிலையத்தில் காத்திருப்பதோ கிட்டத்தட்ட அரை நாள். அங்கே இருக்கிற நாற்காலிகளுக்கெல்லாம் நடுவில் கைப்பிடி உண்டு, யாரும் படுத்துவிடக் கூடாது என்றே செய்தவை. தரையில் படுத்தால் அவரால் எழ முடியாது. லவுஞ்சில்தான் கால் நீட்டிப் படுக்கிற சாய்வு நாற்காலிகள் இருக்கும். அண்ணன் என்னை ஏன் பிடித்தார் என்று அப்போதுதான் முழுதாகப் புரிந்தது.

"அடுத்த வருசம் போனா ஆகாதுங்களா, கொஞ்சம் தேறிட்டு?" என்று நாசூக்கில்லாமல் கேட்டுவிட்டேன்.

அலமேலு தலையை என் பக்கம் திருப்பினார். "கீதா அங்க நர்ஸுங்க. போன தடவ அவளுக்கு வலி வந்தப்ப நான் ஆஸ்பத்திரில கெடந்தேன். கொழந்த தங்கலீங்க. அவ ஊட்டுக்காரரு தங்கமான பையன்தான், ஆனா அந்த நேரத்துல அவருக்கு என்ன தெரியும். போன்ல அம்மா அம்மான்னு அழுதா. நான் இங்க படுத்துட்டே கேட்டுட்டிருந்தேன். இப்ப மறுக்கா மாசமா இருக்கறா. இந்தத் தடவ நான் அங்க இருக்கோணுமுங்க. முதுகு போனாப் போவட்டும்."

என் எரிச்சலெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. அந்த அம்மாளை எப்படியும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும் என்று அந்தக் கட்டிலருகே நின்றபோதே முடிவு செய்துவிட்டேன்.

"உள்ள நானும் நீங்களும்தான் போக முடியும். அண்ணாமலை வெளியே இருக்கணும்" என்றேன்.

"அவரு வெளியவே இருந்துக்குவாரு" என்றார் அலமேலு. "பஸ்ஸுல அவரு ஒக்காந்து பாத்திருக்கறீங்களா? கண்ணாலம் ஆன நாள்ல இருந்து நான் பாத்ததில்ல."

மத்தியானம் சாமைச் சோறும் பலாக்கொட்டைக் குழம்பும். அண்ணாமலையே சமைத்திருந்தார். உறைப்பு கண்ணில் தண்ணீர் வர வைத்தது. நான் போகிற ஓய்வறைகளில் கொண்டைக்கடலை விழுதை வட்டமாகத் தடவி, நடுவில் எண்ணெய் ஊற்றி வைத்திருப்பார்கள். பார்க்க நன்றாக இருக்கும். இங்கே நான் மறுசோறு வாங்கினேன், அதற்கப்புறமும் கொஞ்சம் வாங்கினேன்.

மூன்றாம் நாள் மலை இறங்கினோம். அண்ணனின் ஆம்னி வேனில் பின்சீட்டைக் கழற்றிவிட்டு மெத்தை போட்டு அலமேலுவைப் படுக்க வைத்தார்கள். கொண்டை ஊசி வளைவொன்றில் டயர் பஞ்சர். ஸ்டெப்னியும் காற்றில்லாமல் கிடந்தது, அதற்கு அண்ணன் எந்த விளக்கமும் சொல்லவில்லை. மேலே போகிற சுற்றுலா வண்டிகளெல்லாம் எங்களை ஒட்டி ஆரன் அடித்தன. அண்ணாமலை நடு ரோட்டில் நின்று, கீழே போகிற வண்டிகளை ஒவ்வொன்றாக நிறுத்தி உள்ளே எட்டிப் பார்த்தார். கொட்டச்சேடு எஸ்டேட் ஜீப் ஒன்று வந்தது. முன்னால் டிரைவரும் கணக்கு எழுதுகிற ரைட்டரும் மட்டும் இருந்தார்கள். பின்னால் காலி.

"ஏனுங்க, பின்னால சும்மாதான போவுது?" என்றார். அவ்வளவுதான் பேச்சு. ரைட்டர் இறங்கி வந்து மெத்தையின் ஒரு முனையைப் பிடித்தார். சேலம் வரைக்கும் எங்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார்கள். முன்பின் தெரியாத வண்டியை நிறுத்தி இடம் கேட்க என்னால் இந்த ஜென்மத்தில் முடியாது. எனக்கு வாய் வராது.

சென்னையில் ஏறிய முதல் விமானம் பெரிய சிரமமில்லை. அலமேலு பாதி வழி பின்பக்கத்தில் நின்றுகொண்டே வந்தார். பணிப்பெண்கள் அவரை அதட்டவில்லை, தண்ணீர் கொடுத்தார்கள். ஆனால் இறங்கும்போது முகம் வெளுத்திருந்தது. சக்கர நாற்காலிக்காரர் அவரைத் தனி லிஃப்டில் தனி வழியில் அழைத்துப் போனார். லவுஞ்ச் வாசலில் சந்திப்பதாகப் பேச்சு. நானும் அண்ணாமலையும் முன்னால் போய்ச் சேர்ந்தோம்.

கண்ணாடிக் கதவு வழியே பார்த்தால் உள்ளே கொள்ளாத கூட்டம். சாய்வு நாற்காலிகள் மூலையில் வரிசையாக இருந்தன. ஒன்றே ஒன்று காலி.

"அது போயிருமுங்க" என்றார் அண்ணாமலை. தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துவிட்டார். "நீங்க காட்டுங்க, நான் ஓடிப்போய்ப் போட்டுட்டு வந்தர்றேன்."

இத்தனை வருடம் விதிகளை மனப்பாடம் செய்தவன் நான். அந்த நேரத்தில் எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. துண்டு போடாவிட்டால் சீட் போய்விடும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அட்டையை நீட்டினேன். வரவேற்பில் இருந்த பெண் நேபாளத்துக்காரி. "ஒரு விருந்தாளியா?" என்று கேட்டு, அண்ணாமலையின் போர்டிங் பாஸை வாங்கி மெஷினில் காட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது. அண்ணாமலை உள்ளே ஓடினார், துண்டை விரித்தார், திரும்பி வந்தார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

அதே நேரம் சக்கர நாற்காலி வந்து நின்றது. அலமேலு கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார்.

அந்தப் பெண் தலையை ஆட்டினாள். "மன்னிக்கணும் சார். உங்கள் விருந்தாளி ஏற்கெனவே உள்ளே போயாகிவிட்டது."

"போனது ஆள் இல்லைம்மா. துண்டு போடத்தான் போனார்" என்று ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? சொல்லிப் பார்த்தேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். கம்ப்யூட்டரில் ஒரு பெயர் ஏறிவிட்டால் மாற்ற முடியாது, ஒரு கார்டுக்கு ஓர் ஆள். பணம் கட்டுகிறேன் என்றேன். இன்று கூட்டம் அதிகம், பணம் கட்டி வருகிறவர்களை நிறுத்திவிட்டோம் என்றாள். நான் வெளியே நிற்கிறேன், அந்த அம்மாளை விடுங்கள் என்றேன். அட்டைக்காரர் இல்லாமல் விருந்தாளி இருக்க முடியாது என்றாள். அண்ணன் கடை வாசலில் நான் மிதப்பாகச் சொன்ன அதே வரி.

"என் தலைக்கு மேலே கேமரா இருக்கிறது சார்" என்று கடைசியில் மெதுவாகச் சொன்னாள். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என் மேல்தான் வந்தது. எவ்வளவு பெரிய மடையன் நான். டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. இந்த அம்மாளை இங்கிருந்தே திருப்பி அனுப்ப வேண்டி வந்தால் கீதாவிடம் என்ன சொல்வேன்?

"அந்தப் புள்ள என்னங்க சொல்லுது?" என்றார் அண்ணாமலை.

"ஒரு கார்டுக்கு ஒரு ஆள்தானாம். உங்களை ஏத்திட்டாங்க. அவங்களுக்கு இடமில்ல."

அவர் கொஞ்சம் யோசித்தார். கதவைத் திறந்துகொண்டு தனியாக உள்ளே போகிற ஒரு கோட்டுக்காரரைப் பார்த்தார். "அவரு கிட்டயும் கார்டு இருக்குதுங்களா?"

"இருக்கு."

"தனியாத்தான போறாரு? அப்ப அவரு பக்கத்து எடம் சும்மாதான போவுது?"

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்குவதற்குள் அவர் வாசலில் போய் நின்றுவிட்டார். வருகிறவர்களிடம் தமிழில், "ஏனுங்க, தனியாத்தான் போறீங்களா? கூட இந்தம்மாவச் சித்த கூட்டிட்டுப் போங்க" என்று கேட்க ஆரம்பித்தார். எனக்கு உயிர் போய்விட்டது. எத்தனையோ வருடம் கோட்டு போட்டுக்கொண்டு கௌரவமாக நுழைந்த வாசல் அது. முதலில் வந்தவர் காதில் கருவி மாட்டியிருந்தார், கேட்காமலே போனார். அடுத்தவர் சில்லறை தேடுகிற மாதிரி பையைத் தடவினார். வரவேற்புப் பெண் திடீரென்று கம்ப்யூட்டரில் ஏதோ முக்கியமான வேலை இருப்பதுபோல் நன்றாகக் குனிந்துகொண்டாள்.

மூன்றாவதாக வந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். ஒட்ட வெட்டிய முடிக்கு நீலச் சாயம், கழுத்தெல்லாம் பச்சை குத்தல், முதுகில் கிட்டார். நானாக இருந்தால் அவளிடம் மணிகூடக் கேட்டிருக்க மாட்டேன். அண்ணாமலை எல்லோரிடமும் கேட்டதையே அவளிடமும் கேட்டார். அவள் நின்றாள். அவரைப் பார்த்தாள், அலமேலுவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

நான் திக்கித் திக்கி விஷயத்தைச் சொன்னேன். முடிப்பதற்குள் அவள் தன் அட்டையை மேஜையில் வைத்தாள். அதுவும் தங்க நிறம்தான்.

"இவங்க என்கூட வர்றாங்க" என்றாள் வரவேற்புப் பெண்ணிடம். பச்சை விளக்கு எரிந்தது. நீலமுடிப் பெண் கிட்டாரை என்னிடம் கொடுத்துவிட்டு, சக்கர நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு போனாள். அலமேலு அவள் கையை எட்டிப் பிடித்து, "நல்லா இருப்பே சாமி" என்றார். அவளுக்குப் புரிந்ததா தெரியாது. குனிந்து கேட்டுக்கொண்டாள்.

துண்டு விரித்த சாய்வு நாற்காலியில் நீட்டிப் படுத்ததும் அலமேலு விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. பருப்பு சூப் கொண்டுவந்து கொடுத்தேன். "பருப்புத் தண்ணி, உப்பே இல்ல" என்று சொல்லிக்கொண்டே முழுக்கக் குடித்தார். கொஞ்சம் தூங்கி எழுந்தார். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. காலை அசைத்துக் காட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

அப்போதுதான் அண்ணாமலை இன்னும் உள்ளே வரவில்லை என்பதைக் கவனித்தேன். அவர் பெயர்தான் முதலில் பதிவானது, தாராளமாக வரலாம். கூப்பிடலாம் என்று எழுந்தபோது என் போன் அடித்தது. கீதா. அலமேலுவிடம் கொடுத்தேன்.

"படுத்துட்டுத்தான் இருக்கறேன் கண்ணு. நல்லாத்தான் இருக்கறேன். அடுத்த பிளேன் ஏறிருவேன், நீ பயப்படாத... அப்பாவா? அப்பா இங்க இல்ல."

கழுத்தைத் திருப்பிக் கண்ணாடிக் கதவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வெளியே கைக்குழந்தையோடு ஒரு தாய் தரையில் உட்கார்ந்திருந்தாள், எந்த நாட்டுக்காரியோ. அவள் பக்கத்தில் ஊன்றுகோலோடு ஒரு பெரியவர். அண்ணாமலை கதவோரம் நின்று, பெட்டியை இழுத்துக்கொண்டு தனியாக வந்த ஒரு கனவானை மறித்து, அந்தத் தாயைக் கை காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். கனவான் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு பெட்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் குழந்தையின் பையை வாங்கிக்கொண்டார். வரவேற்புப் பெண் தலை நிமிரவே இல்லை.

"உங்கப்பன் வாசப்படியில நின்னு ஆளுகள ஏத்திட்டு இருக்காரு கண்ணு" என்றார் அலமேலு. "இங்கயும்தான். ஆமா, பிளேன் ஊட்டுலயும்தான்."

பிறகு போனைக் காதில் அழுத்திக்கொண்டு அப்படியே இருந்தார். உதடு துடித்தது. என்னவோ ஏதோ என்று பதறிப்போய்ப் பக்கத்தில் குனிந்தேன்.

"சிரிக்கறாளுங்க" என்றார். "அந்தக் கொழந்த போனதுக்கப்பறம் எம்புள்ள இப்பத்தானுங்க சிரிக்கறா. கேளுங்க."

போனை என் காதில் வைத்தார்.